அட்டையில் நீளக் கூந்தலோடு ஒரு பெண்: அந்த ஆங்கிலப் பேய்க்கதைப் புத்தகத்தின் பெயர் யாருக்காவது தெரியுமா?

கேள்வி: கொட்டாஞ்சேனைப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். நாற்பது வருடத்துக்கு மேலாக மனதில் கிடக்கிற ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். பெயர் மறந்துபோனது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

1979, 80இல் எனக்குப் பதினொரு, பன்னிரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டு மேல்மாடியில் இருந்தோம். பெரியம்மாவின் மூத்த மகன் லண்டனில் படித்துக்கொண்டிருந்தார். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவரிடமிருந்து கப்பல் தபாலில் பார்சல் வரும். மண்ணிறத் தாள், சணல் கயிறு, முடிச்சின் மேல் அரக்கு. உள்ளே டொபி டின், சவர்க்காரம், பெரியப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் (கொழும்பில் எதற்கு ஸ்வெட்டர் என்று பெரியப்பா ஒருநாளும் கேட்கவில்லை, மடித்து அலுமாரியில் வைப்பார்). டின் ஆடாமல் இருக்க இடைவெளியில் பழைய சித்திரக்கதைப் புத்தகங்களைச் சுருட்டி அடைத்திருப்பார் அண்ணா. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரியின் மகள் வாசித்துவிட்டுப் போட்டவை அவை. பார்சலில் எங்களுக்கு வேண்டியது அதுதான். டொபி பிறகு.

எல்லாமே பெண்பிள்ளைகளின் கதை. எல்லாமே பயக் கதை. அட்டை மட்டும் நிறம், உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு புத்தகத்திலும் நீளமான கறுத்தக் கூந்தலோடு ஒரு பெண் வந்து பனிமூட்டத்துக்குள் நின்று எங்களை உள்ளே கூப்பிடுவாள். சில கதை மூன்று, நான்கு பக்கத்தில் முடிந்துவிடும். சில கதை வாராவாரம் தொடரும். எங்களுக்கு வருவது கையில் அகப்பட்ட இதழ்கள் என்பதால் ஒரு தொடரின் இரண்டாம் பாகம் வரும், பிறகு ஐந்தாம் பாகம் வரும், நடுவில் உள்ளதை நாங்களே கட்டிக்கொள்வோம்.

பெரியம்மாவின் மகள், என் அக்கா, கொன்வென்டில் படித்தவள். ஆங்கிலம் நன்றாக ஓடும். எனக்கு அவ்வளவு ஓடாது. இரவு எட்டு மணிக்குப் பிறகு நுளம்பு வலைக்குள் டோர்ச்சோடு இருந்து அக்கா படம் படமாகத் தமிழில் சொல்லுவாள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் படத்தைப் பெருவிரலால் மூடிக்கொள்வாள். மேலே உள்ளதெல்லாம் சொல்லி முடித்து, கொஞ்சம் பொறுத்து, விரலை எடுப்பாள். இதனாலேயே எங்கள் புத்தகங்களில் எல்லாப் பக்கத்தின் வலதுபக்கக் கீழ் மூலையும் ஊத்தையாக இருக்கும்.

ஒரு கதை மட்டும் என்னை விடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உயரமான மாடிக் கட்டடங்கள். ஒன்றில் சனம் நிறைய. மற்றதில் ஒருவரும் இல்லை, இருக்கவும் பயப்படுகிறார்கள். வீடு இல்லாமல் போன ஒரு குடும்பம் அந்த வெறும் கட்டடத்துக்குள் களவாகக் குடிபுகுகிறது. அதற்குள்ளே நடந்துபோனால் வேறொரு இங்கிலாந்து வருகிறது. அங்கே ஹிட்லர் போரில் வென்றுவிட்டான். தெரு அதே தெரு, ஆட்சி வேறு. அந்தப் பிள்ளையின் அப்பா அந்தப் பக்கத்தில் பிடிபட்டுவிடுகிறார். இதுவரைதான் எங்களிடம் இருந்தது. முடிவு உள்ள இதழ் எந்தப் பார்சலிலும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1981ஆக இருக்கும், ஒரு ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலில் கடலை வாங்கினோம். சுருளைப் பிரித்தால் அதே புத்தகத்தின் அரைப் பக்கம்! எண்ணெய் ஊறி, மிளகாய்த்தூள் ஒட்டி இருந்தது. ஒரு பிள்ளை நெற்றி மயிரை விலக்கிக் காட்டுகிறாள், நெற்றியில் பிறை மாதிரி ஓர் அடையாளம். அக்கா கடலையை என் பாவாடையில் கொட்டிவிட்டுத் தாளை மடித்துத் தன் சட்டைக்குள் வைத்தாள்.

1983 ஆடிக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. உடுத்த உடுப்போடு வெளியே வந்தோம். கட்டிலுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டிக்குள் இருபத்தாறு புத்தகங்களும் அந்தக் கடலைத் தாளும் இருந்தன. எண்ணிக்கை சரியாகத் தெரியும், ஒவ்வொரு பார்சலுக்குப் பிறகும் எண்ணுவோம்.

யாருக்காவது பெயர் தெரியுமா? அந்த இரண்டு கட்டடக் கதை எப்படி முடிந்தது என்று தெரியுமா? அக்கா இப்போது டொரொன்டோவில். போன கிழமை தொலைபேசியில் கதைக்கும்போது அவளும் இதையே கேட்டாள்.


பதில் 1: பழம்புத்தகம்

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் பாதி வாசிக்கும்போதே பெயர் வாயில் வந்துவிட்டது. அது ‘மிஸ்டி’. அட்டையில் நிற்கிற பெண்ணின் பெயரும் அதுதான். அவளை வரைந்தவர் ஷேர்லி பெல்வூட். வேறு சித்திரக்காரர்கள் கதைகளை வரைந்தாலும் மிஸ்டியின் முகம் என்றால் அது அவருடைய கைதான்.

லண்டனில் வாராவாரம் வந்த பத்திரிகை. முதல் இதழின் திகதி 1978 பெப்ரவரி 4, கடைசி இதழின் திகதி 1980 ஜனவரி 12. மொத்தம் 101 இதழ். இரண்டு வருடம்கூட நிரம்பவில்லை. அதற்குப் பிறகு ‘டேமி’ என்ற இன்னொரு பெண்பிள்ளைகள் பத்திரிகையோடு சேர்த்துவிட்டார்கள். அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அதுதான் வழக்கம். விற்பனை இறங்கினால் மூடுகிறோம் என்று சொல்ல மாட்டார்கள். ‘உங்களுக்கு ஒரு நல்ல செய்தி’ என்று போட்டு அடுத்த கிழமையிலிருந்து வேறொன்றுக்குள் கலந்துவிடுவார்கள். கொஞ்ச நாளைக்கு அட்டையில் இரண்டு பெயரும் இருக்கும், பிறகு சின்னப் பெயர் இன்னும் சின்னதாகிக் காணாமல் போகும். எனக்கு இப்போதும் அதில் கோபம் உண்டு.

யோசனை பட் மில்ஸ் என்பவருடையது. 1977இல் பையன்களுக்கான ‘2000 ஏடி’ என்ற சித்திரக்கதைப் பத்திரிகையை ஆரம்பித்தவரும் அவரே. பெண்பிள்ளைகளுக்கும் அதே வேகத்தில் ஒன்று வேண்டும் என்று நினைத்தார். அதற்கு முன் அங்கே பெண்பிள்ளைகளுக்கு வந்தவற்றில் விடுதிப் பள்ளி, பாலே நடனம், குதிரை, கொடுமைப்படுத்தும் சித்தி, இப்படித்தான் அதிகம்.

உங்கள் இரண்டு கட்டடக் கதையின் பெயர் ‘த சென்டினல்ஸ்’, காவலாளிகள். முதல் இதழிலேயே ஆரம்பித்த தொடர். எழுதியவர் மல்கம் ஷோ, வரைந்தவர் மாரியோ கப்பால்டி. கதை வந்த காலத்தில் இந்தப் பெயர் எதுவும் பக்கத்தில் இருக்காது, எழுதுபவர் பெயரும் வரைபவர் பெயரும் போடுவதில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஆர்வலர்கள் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத்தான் யார் எதை வரைந்தார் என்று எங்களுக்கெல்லாம் தெரிய வந்தது.

எனக்கு மிஸ்டி மருதானையில் கிடைத்தது. டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருந்த பழைய புத்தகக் கடைகள், நாங்கள் அப்போதும் மெக்கலம் றோட் என்றுதான் சொல்லுவோம். பள்ளிக்கூடம் விட்டு பஸ் காசை மிச்சம் பிடித்து நடந்தே போவேன். பெண்பிள்ளைகள் புத்தகம் என்று கடைக்காரர் அடியில் போட்டிருப்பார், விலையும் குறைவு. நான் பையனாக இருந்துகொண்டு அதை வாங்குவதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

முடிவு எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுத மாட்டேன். நாற்பது வருடம் காத்திருந்த கதையை இன்னொருவர் இரண்டு வரியில் சொல்லிக் கேட்கக் கூடாது. 2016இல் ரெபெல்லியன் என்ற நிறுவனம் இந்தப் பழைய பத்திரிகைகளின் உரிமையை வாங்கி, மிஸ்டி கதைகளைப் புத்தகமாகப் போட ஆரம்பித்தது. 2017இல் வந்த இரண்டாவது தொகுப்பில் ‘த சென்டினல்ஸ்’ முழுதாக இருக்கிறது. என்னிடம் ஒரு பிரதி உண்டு. நான் வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன். இந்தப் பக்கம் வந்தால் தருகிறேன், ஆறுதலாக வாசித்துவிட்டுத் திருப்பித் தாருங்கள்.


பதில் 2: அல்விஸ் பிளேஸ்

காலிமுகத்திடல் கடலைச் சுருளை வாசித்ததும் எழும்பி உட்கார்ந்துவிட்டேன், அக்கா. அது ‘மூன்சைல்ட்’! அந்தப் பிள்ளையின் பெயர் ரோஸ்மேரி. நெற்றி மயிருக்குக் கீழே பிறை அடையாளம். கையால் தொடாமல் பொருட்களை அசைக்கிற சக்தி அவளுக்கு இருக்கிறது. தாய்க்கு அது பிடிக்காது, வீட்டில் சரியான கெடுபிடி. பள்ளியில் வேறு ஒரு கூட்டம் சேர்ந்து அவளைப் படுத்தும். அதுவும் முதல் இதழிலிருந்து வந்த தொடர்தான். எழுதியவர் பட் மில்ஸ், வரைந்தவர் ஜோன் ஆம்ஸ்ட்ரோங். ‘டேமி’யில் பெல்லா என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளையை வருடக்கணக்காக வரைந்தவர் அவர். அதனால்தான் அவருடைய பிள்ளைகளின் கைகால் எல்லாம் உண்மையான பிள்ளைகளுடையது மாதிரி இருக்கும். ஓடும்போது பாவாடை எப்படிச் சுருங்கும், பயத்தில் தோள் எப்படி உயரும் என்று அந்த மனுசனுக்குத் தெரியும்.

எனக்கு மிஸ்டி பிடித்ததற்கு ஒரு காரணம்தான். அதில் பிள்ளைகளைக் காப்பாற்ற ஒருவரும் வருவதில்லை. பொலிஸ் வராது, அண்ணன் வரமாட்டான், டீச்சர் நம்பமாட்டா. அவளே வழி கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அகப்பட்டுக்கொள்வாள். சின்னக் கதைகளில் பெரும்பாலும் அகப்பட்டுத்தான் போவார்கள். பேராசை பிடித்தவள், பொய் சொன்னவள், பூனைக்கு அடித்தவள் எல்லோருக்கும் கடைசிப் படத்தில் கணக்குத் தீர்க்கப்படும். ஆனால் ஒரு பிழையும் செய்யாத பிள்ளையும் சிலவேளை அகப்படுவாள். பன்னிரண்டு வயதில் அதை வாசித்தபோது, கடைசியில் ஒருவராவது உண்மையைச் சொல்கிறார்களே என்று இருந்தது.

‘த ஃபோர் ஃபேஸஸ் ஒஃப் ஈவ்’ ஞாபகம் இருக்கிறதா? நினைவு தப்பிய ஒரு பிள்ளை, தான் யார் என்று தேடுகிறாள். இறந்துபோன பல பிள்ளைகளின் உடற்பாகங்களைச் சேர்த்து உண்டாக்கப்பட்டவள் அவள். அவளுக்கு வருகிற கனவுகளும் அந்தப் பிள்ளைகளுடையவை. அதை வாசித்த அன்றிரவு என் கையை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.


பதில் 3: சிவகாசி வாசகன்

நான் கொஞ்சம் இளையவன். எனக்கு மிஸ்டி தெரியாது. தலைப்பைப் பார்த்து ‘டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்’ என்ற அமெரிக்கப் பயக் கதைப் புத்தகம் பற்றி என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன். ஆனால் இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

அமெரிக்காவில் ஈசி என்ற சித்திரக்கதை நிறுவனம் 1950இல் ‘கிரிப்ட்’ உட்பட மூன்று பயக் கதைத் தொகுப்புகளைக் கொண்டுவந்தது. மூன்றிலும் கதை சொல்ல ஓர் ஆள் இருப்பார்: கல்லறைக் காவலன், நிலவறைக் காவலன், கிழட்டுச் சூனியக்காரி. 1954இல் இந்தப் புத்தகங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அமெரிக்க செனட் குழு விசாரித்தது. பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் நேரில் போய் சாட்சி சொன்னார். அதே வருடம் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதியைப் போட்டுக்கொண்டார்கள். தலைப்பில் ‘ஹொரர்’, ‘டெரர்’ என்ற சொல்லே வரக் கூடாது என்பதும் அதில் ஒன்று. 1955இல் ‘கிரிப்ட்’ நின்றுபோனது. இங்கிலாந்திலும் அதே 1955இல் சிறுவருக்குத் தீங்கான சித்திரக்கதைகளுக்கு எதிராகச் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட நாட்டில் இருபத்து மூன்று வருடம் கழித்து, பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பயக் கதைப் பத்திரிகை வாராவாரம் வந்தது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. இரத்தத்தைக் காட்டாமல் பயத்தைக் காட்டினார்கள் போலிருக்கிறது.

எங்களுக்கு வாய்த்தது தமிழில். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் எல்லாம் வந்துகொண்டிருந்த காலத்தில், 80களின் நடுவில் ‘திகில்’ என்றே ஒரு காமிக்ஸ் வந்தது. அதில் கறுப்புக் கிழவி கதை சொல்லுவா. கொழும்பு செட்டியார் தெருவில் அப்பா நகைக்கடை வேலை முடித்து வரும்போது வாங்கி வருவார், வெற்றிலை, பேப்பர், திகில். சாக்குத்துணி நிறத்தில் தாள், சில பக்கத்தில் மை அடுத்த பக்கத்துக்கு ஊறியிருக்கும். அந்த ஊறல்கூட எனக்குப் பேய் நிழல் மாதிரித்தான் தெரிந்தது. மழைக்காலத்தில் அந்தத் தாள் ஒரு வாசம் அடிக்கும். இப்போது பளபளப்பான தாளில் வருபவற்றில் எல்லாம் உண்டு, அது மட்டும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் எல்லா ஊரிலும் கதை சொல்ல ஒரு கிழவி தேவைப்பட்டிருக்கிறா. எங்கள் வீட்டில் அம்மம்மா. மிஸ்டியில் மட்டும் இளம்பெண் என்கிறீர்கள். அது எப்படி இருந்திருக்கும்? கிழவி பயமுறுத்துவா, கேலியும் செய்வா. அவள்?


பதில் 4: பழம்புத்தகம்

தம்பி, நல்ல கேள்வி. மிஸ்டி கேலி செய்யமாட்டாள். அமெரிக்கக் கிழவி பலியானவனைப் பார்த்துச் சிரிப்பா. இவள் சிரிப்பதில்லை. பனிக்குள் நின்று, உன் பயத்தைக் கொண்டு வா, நான் கூட வருகிறேன் என்பதுபோல மெல்லப் பேசுவாள், பிறகு விலகிக்கொள்வாள். கதைக்குள் வரமாட்டாள். ஓர் அக்கா அறை வாசல்வரை வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போவது போல. நான் பார்த்த எந்தப் பயக் கதைத் தொகுப்பிலும் இப்படிப் பிரியமாக ஒருவர் வாசலில் நின்றதில்லை.

அல்விஸ் பிளேஸ் தங்கச்சி சொன்ன ‘ஈவ்’, ‘மூன்சைல்ட்’ இரண்டும் 2016இல் வந்த முதல் தொகுப்பில் சேர்ந்தே இருக்கின்றன. என்னிடம் அது இல்லை. யாரிடமாவது இருந்தால் மாற்றி வாசிக்கலாம்.


பதில் 5: கொட்டாஞ்சேனைப் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி என்று எழுதினால் போதாது. மிஸ்டி. இந்தச் சொல்லை மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எப்படி மறந்தேன் என்று விளங்கவில்லை. நாங்கள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லையோ என்னவோ. அக்காவும் நானும் ‘அண்ணாவின் புத்தகம்’ என்றுதான் சொல்லுவோம்.

சனிக்கிழமை 101ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய் ஐயாவிடம் புத்தகத்தை வாங்கி வந்தேன். அவர் அதைப் பழைய கலண்டர் தாளில் உறை போட்டு வைத்திருக்கிறார். அவருடைய மனைவி தேத்தண்ணியும் சூசியமும் தந்தா. தொண்ணூறுகளில் வாங்கிய மூன்று உண்மையான மிஸ்டி இதழ்களையும் காட்டினார். ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தில் இரண்டு மண்ணிறப் பொட்டு. கையில் எடுத்தபோது அளவு என் ஞாபகத்தைவிடச் சின்னதாக இருந்தது. பதினொரு வயதில் அது என் மடியை மூடும்.

வீட்டுக்கு வந்து தொகுப்பைத் திறந்தேன். இரண்டு கட்டடங்களும் நிற்கின்றன. அதுவரை சரியாகத்தான் ஞாபகம் வைத்திருந்தேன். ஆனால் நடுவில் எத்தனையோ நாங்களே கட்டியது! வெறும் கட்டடத்தில் ஒரு கிழவர் இருப்பார், அவரிடம் திறப்புக்கோர்வை இருக்கும் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். அப்படி ஒருவரையும் காணவில்லை. அவர் அக்கா சொன்ன கிழவர். வராத இதழ்களுக்குப் பதிலாக அக்கா அவரை உண்டாக்கியிருக்கிறாள்.

சிறு வயதில் எனக்கு அந்தக் கதையில் பயமாக இருந்தது மற்ற இங்கிலாந்துதான், அந்தச் சீருடைகள், அந்தக் கொடிகள். இப்போது வாசிக்கும்போது முதல் பக்கங்களிலேயே நின்றுவிட்டேன். ஒரு குடும்பம் வீட்டை விட்டு வெளியே நிற்கிறது. எங்கே போவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். 1983 ஆடியில் முகாமில் முதல் இரவு, சீமெந்துத் தரையில் படுத்துக்கொண்டு, அக்கா என் காதுக்குள் இந்தக் கதையைத்தான் திரும்பச் சொன்னாள். டோர்ச் இல்லை, புத்தகம் இல்லை. கட்டடத்துக்குள் நடந்துபோனால் இன்னொரு கொழும்பு வரும் என்று சொன்னாள். அங்கே எங்கள் வீடு அப்படியே இருக்கும், கட்டிலுக்குக் கீழே பெட்டியும் இருக்கும் என்றாள். நான் நம்பினேன். நித்திரையும் வந்தது.

நேற்று இரவு எட்டு மணிக்கு அவளுக்குக் காணொலி அழைப்பு எடுத்தேன். டொரொன்டோவில் காலை பத்தரை. நான் தொகுப்பில் உள்ள பக்கங்களைக் கமராவுக்குக் காட்டக் காட்ட அவள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள், அதே குரல், அதே இடங்களில் நிறுத்தினாள். திறப்புக்கோர்வைக் கிழவரைப் பற்றிக் கேட்டேன். “ஓம், அவரை நான்தான் போட்டேன். உனக்கு அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை என்றால் அழுகை வரும்” என்றாள்.

கடைசிப் பாகத்துக்கு வந்தபோது அவளுக்கு வேலைக்குப் போகும் நேரம். மிச்சத்தை இன்று இரவு வாசிப்போம் என்று வைத்துவிட்டோம். நான் இன்னும் அந்தப் பக்கங்களைத் திருப்பவில்லை. வைக்கும் முன் அவள் சொன்னாள்: “கமராவுக்குக் காட்டும்போது கடைசிப் படத்தைப் பெருவிரலால் மூடு. நான் சொல்லும்போது எடு.”